படம் பார்க்காமல் பாட்டுக் கேட்ட சீமை

குறவஞ்சிக் கவிராயர், செங்கோட்டை கிட்டப்பா, ‘ரோஜா’... காட்சிக்காகப் பிறந்த இசையைக் காதால் மட்டுமே வளர்த்த தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் கதை

1994இல் ‘காதலன்’ கேசட் வெளிவந்தபோது ஊரெல்லாம் தேயத் தேயக் கேட்டது ‘முக்காலா’ பாட்டைத்தான். அதே கேசட்டில் சின்னதாக இன்னொரு பாடலும் இருந்தது. பெண் குரல்கள் சேர்ந்து ஒரு தலைவியின் அழகை வியந்து பாடும் பாடல். இசை ஏ.ஆர்.ரஹ்மான். வரிகளை எழுதியவரோ கோடம்பாக்கத்துக் கவிஞர்களுக்கெல்லாம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள் வழியில் கடந்து போகும் அதே மேலகரம்தான் அவர் ஊர்.

கவிராயர் ‘குற்றாலக் குறவஞ்சி’யை ஆடிக் காட்டுவதற்கான நாடகமாகவே எழுதினார். வசந்தவல்லி பந்தாட வேண்டும், குறத்தி வந்து குறி சொல்ல வேண்டும், சிங்கன் சிங்கியைத் தேடி அலைய வேண்டும். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்குப் பரிசாக நிலமே கொடுத்தார். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் வந்தது. ஆட்டக்காரர்கள் வேஷம் கலைத்துப் போன பிறகும் பாட்டு போகவில்லை. வீட்டுத் திண்ணையில் பாடப்பட்டது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடமானது, பரதநாட்டிய மேடைக்குப் போனது, கடைசியில் சினிமா கேசட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

ஒரு காட்சிக்கென்று உருவான இசை, அந்தக் காட்சியின் துணையில்லாமல் தனியாக நின்று வாழ முடியுமா? திரைப்படத்தின் இசையைப் படத்திலிருந்து பிரித்து, இசையாக மட்டும் கேட்பது சரியான ரசனையா? உலகெங்கும் இசை விமர்சகர்கள் விவாதிக்கிற இந்தக் கேள்விக்கு, 2019இல் தனி மாவட்டமான தென்காசி வட்டாரம் நூறு ஆண்டுகளாகத் தன் காதாலேயே பதில் சொல்லி வருகிறது.

செங்கோட்டையின் குரல்

எஸ்.ஜி.கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோதுதான் அது நம் பக்கம் வந்து சேர்ந்தது. சிறு வயதிலேயே சகோதரர்களோடு நாடக மேடை ஏறிய கிட்டப்பா, ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் எட்டுகிற உச்சஸ்தாயிக் குரலால் தமிழ்நாட்டையும் இலங்கையையும் கட்டிப்போட்டார். கே.பி.சுந்தராம்பாளோடு அவர் சேர்ந்து நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது.

1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா இறந்துபோனார். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்துவிட்டது. ஆனாலும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் மேடையில் எப்படி நடந்தார், பாட்டின் எந்த இடத்தில் கை உயர்த்தினார் என்பதைக் காட்ட ஓர் அடி பிலிம்கூடக் கிடையாது. நமக்கு மிஞ்சியது இசைத்தட்டு மட்டும்.

அந்த இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான் அடங்கும். மேடையில் ரசிகர்கள் மறுபடி மறுபடி கேட்க, இரவு நீள நீளப் பாடிய பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் இறக்க வேண்டும். ராக விஸ்தாரத்தைச் சுருக்கி, உச்சிக்கு நேரே ஏறி, அங்கே நின்று காட்டிவிட்டு முடிக்க வேண்டும். கிட்டப்பாவின் பதிவுகளைக் கேட்பவர்களுக்கு இந்த அவசரமும் அதற்குள் அவர் கண்ட நிதானமும் தெரியும். வள்ளி வேஷமும் இல்லை, முருகன் வேஷமும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. குரல் மட்டும் நாடகம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. படமில்லாமல் படப்பாட்டைக் கேட்கிற நம் பழக்கத்துக்கு இந்த நாடகத் தட்டுகள்தான் முதல் பாடம்.

கடையநல்லூரும் காருகுறிச்சியும்

அடுத்த பாடம் கடையநல்லூரில் தொடங்குகிறது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு பிறந்தது அங்கே. ‘மலைக்கள்ளன்’ (1954), ‘நாடோடி மன்னன்’ (1958) என்று எம்.ஜி.ஆரின் பெரும் வெற்றிகளுக்கு இசையமைத்தவர். எம்.எஸ்.விஸ்வநாதன் இளம் வயதில் இவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். இவ்வளவு பெரிய மனிதரின் பெயரை இன்று கடையநல்லூரிலேயே எத்தனை பேர் சொல்வார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

1962இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், கு.மா.பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சிங்கார வேலனே’ பாடலுக்கு ஆபேரி ராகத்தில் மெட்டமைத்தார் நாயுடு. பாடியவர் எஸ்.ஜானகி. நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அவருடைய ஊர், சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சி. மெட்டு போட்டவரும் நாதஸ்வரம் பிடித்தவரும் பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்.

படத்தில் ஜெமினி கணேசன் வாசிக்கிறார், சாவித்திரி பாடுகிறார். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் இன்று பலர் திணறிப் போவார்கள். பாட்டு வந்தாலோ அறுபது ஆண்டு கழித்தும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறோம். காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. நாதஸ்வரம் கோயில் பிராகாரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் உரிய வாத்தியம்; நாலு தெரு தாண்டிக் கேட்கும். அதன் எதிரில் ஒரு பெண் குரல் தாழாமலும் கத்தாமலும் நிற்க வேண்டும். கடைசியில் வரும் ஸ்வரப் பகுதியில் குரல் ஒன்று சொல்ல, வாத்தியம் அதை வாங்கித் தன் பங்கைச் சேர்த்துத் திருப்பித் தருகிறது. எது முந்துகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த இடத்தில், கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. காருகுறிச்சியார் 1964இல் மறைந்தார். அவர் வாசிப்பை ஒருபோதும் நேரில் கேட்டிராத லட்சக்கணக்கானவர்களுக்கு, ஒரு சினிமாப் பாட்டுதான் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது.

குழாயில் வந்த சினிமா

கோயில் கொடை விழாவுக்குக் கால் நாட்டியதும் ஊருக்கு முதலில் வந்து சேருவது ரேடியோ செட்டுதான். தென்னை உச்சியிலோ வேப்பங்கிளையிலோ குழாய் ஒலிபெருக்கி கட்டியானதும் விழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் இரவுக்கு. பகல் முழுக்க இசைத்தட்டு. புதுப்படம் சென்னையிலும் மதுரையிலும் ஓடி முடிந்து, கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பாட்டு அதற்கு முன்பே குழாயில் வந்துவிடும். இலங்கை வானொலி அதற்கும் முன்னால் வயலுக்கும் பீடிக்கடைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கும். ஆகவே இந்தச் சீமையில் பல தலைமுறைகள் முதலில் பாட்டைக் கேட்டன, அதற்கொரு காட்சியைத் தாங்களே மனத்தில் எடுத்துப் பார்த்தன, அதற்குப் பிறகே படத்தைப் பார்த்தன. ‘திருவிளையாடல்’ கதை வசனத் தட்டைக் கேட்டே முழுப் படத்தையும் ஒப்பிக்கக் கற்ற சிறுவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

குழாயின் உள்ளே ஓர் இயற்பியலும் இருக்கிறது. கூம்பு வடிவ ஒலிபெருக்கியில் நடுத்தர ஒலிகள் தெளிவாகவும் தொலைவுக்கும் போகும். தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய விழுந்துவிடும். எனவே டி.எம்.சௌந்தரராஜனின் குரலும் நாதஸ்வரமும் ஷெனாயும் கிளாரினெட்டும் மூன்று வயல் தாண்டிக் கேட்டன. பேஸ் கித்தார் என்ன வாசித்தது என்று யாருக்கும் தெரியாது. 1978இல் ‘பிரியா’வில் இளையராஜா ஸ்டீரியோ முறையில் பாடல்களைப் பதிவு செய்தபோது, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இசை விரிந்தது. டேப் ரிக்கார்டரும் வாக்மேனும் ஹெட்போனும் கைக்கு வந்த பிறகு, இத்தனை காலம் அடியில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தாழ்ந்த தந்தியை ஊர் முதல்முறையாகக் கேட்டது. முப்பது முறை கேட்ட பாட்டு முப்பத்தோராவது முறை புதிதாக ஒலித்தது. ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, கேசட் பதிந்து வாங்கி வந்த ஒவ்வொரு இளைஞனும் அந்த நாட்களில் தனக்கென ஒரு தொகுப்பாளனாக இருந்தான்.

சுந்தரபாண்டியபுரத்துப் பெண்

1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தது. மணிரத்னம் தன் கதாநாயகியின் ஊராக வைத்தது தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சுந்தரபாண்டியபுரம். இன்று சாரல் காலத்தில் சூரியகாந்தி பார்க்கக் கார்கள் வரிசை கட்டும் அதே ஊர்.

விளம்பரப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த இளைஞர் ரஹ்மானுக்கு அது முதல் படம். வீட்டோடு சேர்ந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் உருவாக்கிய அந்த இசை தேசிய விருது வாங்கியது. ‘சின்னச் சின்ன ஆசை’க்காக வைரமுத்துவும் தேசிய விருது பெற்றார். ‘டைம்’ இதழ் 2005இல் தேர்ந்தெடுத்த சிறந்த பத்துத் திரை இசைகளில் ‘ரோஜா’ இடம்பெற்றது. அந்தப் பட்டியல் இசைக்காகப் போடப்பட்டது. கதை தெரியாத, தமிழே தெரியாத ஒருவர் காதுக்கும் அந்த இசை தனியாக நின்றது.

ரஹ்மானின் ஒலி குழாய்க்கு ஏற்றதல்ல. மின்மினியின் குரலுக்கு அடியில் எத்தனை அடுக்கு ஓடுகிறது என்பது நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோதான் புலப்படும். எனவே ‘ரோஜா’ தமிழர்களின் கேட்கும் முறையையே மாற்றியது. ஊருக்குப் பொதுவாக மரத்தில் கட்டிய குழாயிலிருந்து, ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து கேட்கும் பெட்டிக்கு இசை இடம் பெயர்ந்தது. இரண்டு வருஷம் கழித்து அதே இசையமைப்பாளர் அதே வட்டாரத்துக் கவிராயரின் வரிகளுக்கு இசையமைத்தார் என்பதை நினைத்துப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது.

வசனத்துக்கு அடியில் போன இசை

பாட்டுக்கு நாம் கொடுத்த மரியாதையைப் பின்னணி இசைக்குக் கொடுக்கவில்லை. இதைத்தான் இந்தக் கட்டுரை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறது.

படத்தொகுப்பு முடிந்த பிறகு, இசையமைப்பாளர் ரீல் ரீலாகப் படத்தைப் பார்க்கிறார். கதவு திறக்கும் இந்த வினாடியில் தொடங்கி, அவள் திரும்பிப் பார்க்கும் அந்த வினாடியில் முடிய வேண்டும் என்று கணக்கிட்டு எழுதுகிறார். இருபது வயலின் சேர்ந்து வாசித்த நாற்பது வினாடி, வசனத்துக்கும் மழைச் சத்தத்துக்கும் கீழே தணிக்கப்பட்டுப் போகிறது. படம் நன்றாக இருந்தால் நாம் அதைக் கேட்டோம் என்றே அறியாமல் அழுகிறோம். பாட்டுகள் தட்டாகவும் கேசட்டாகவும் விற்றன. பின்னணி இசைக்கு விற்பனை இல்லை என்று கம்பெனிகள் விட்டுவிட்டன. ‘மௌன ராக’த்தின் பின்னணி இசையைத் தனியாகக் கேட்க விரும்பிய ரசிகர்கள், வசனத்தோடு சேர்த்து டி.வி.டி.யிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை.

ஆனால் தனியாக விடப்பட்டபோது அந்த இசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. ‘பம்பாய்’ (1995) படத்தின் தீம் இசையைக் கேசட்டில் பாட்டுகளோடு சேர்த்து வெளியிட்டார்கள். நவீன் குமாரின் புல்லாங்குழல் முன்னே நடக்கும் அந்த வார்த்தையில்லாத இசையை, பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமான் 2002இல் தன் ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ படத்தில் பயன்படுத்தினார். 2005இல் ‘லார்ட் ஆஃப் வார்’ என்ற ஹாலிவுட் படமும் எடுத்துக்கொண்டது. பம்பாய்க் கலவரத்தின் துயரத்துக்காக எழுதப்பட்ட இசை, வேறு மண்ணின் துயரத்தையும் சொன்னது.

வங்காளத்தில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு (1955) ஒரே அமர்வில் இசையமைத்துக் கொடுத்த ரவிசங்கர், பிற்பாடு அதன் தீம் இசையை எடுத்துத் தன் இசைத்தட்டில் விரிவாக வாசித்தார். எதிர்த் திசைப் பயணமும் நம்மிடம் உண்டு. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ எந்தப் படத்துக்கும் எழுதப்பட்டதல்ல. அதிலிருந்து எடுத்த இசையையே பாலு மகேந்திரா ‘வீடு’ (1988) படத்துக்குப் பின்னணியாக வைத்தார். பாட்டே இல்லாத அந்தப் படத்தில், பாதியில் நிற்கும் ஒரு வீட்டின் வேதனையை அந்த இசை சொன்னது. தனி இசை படத்துக்குள் போய் வாழ முடியும் என்றால், படத்து இசை வெளியே வந்து வாழ்வதில் என்ன வியப்பு?

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு படத்துக்காக உருவான பாட்டும் இசையும் திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு எவ்விதமாகப் பயன்பட்டாலும், அந்த வருவாயில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு. திரையரங்குக்கு வெளியே இசைக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது என்று நாடாளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது.

டி.கே.சி. காட்டிய வழி

எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ள நாம் வெளியூர் போக வேண்டாம். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் தம் கடைசி ஆண்டுகளைக் குற்றாலத்தில்தான் கழித்தார். 1954இல் மறைந்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யும், குற்றாலத்தில் ராஜாஜியும் கல்கியும் தேடி வந்து அமர்ந்த அவையும், கவிதையைக் காதால் அனுபவித்த இடங்கள். ஒரு பாடலை ஒருமுறை சொல்லி முடித்துவிட மாட்டார். திரும்பச் சொல்வார். ஓசை எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டுவார். மறுபடியும் சொல்வார். தமிழிசைக்காகக் குரல் கொடுத்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

திரை இசைக்கும் அந்த முறையே போதும். ஒரு படத்தின் இசையை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகக் கேளுங்கள். அடுத்த முறை குரலை விட்டுவிட்டு, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையை மட்டும் பின்தொடருங்கள். தமிழ் இசையமைப்பாளர்கள் தங்கள் சுதந்திரத்தை முழுவதும் காட்டியது அங்கேதான். அதற்கடுத்த முறை ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தபேலாவோ பேஸ் கித்தாரோ, அது எப்போது வருகிறது, எப்போது ஒதுங்குகிறது என்று பாருங்கள். பிறகு படத்தைப் போட்டுப் பாருங்கள். இயக்குநர் எங்கே இசையை நம்பினார், எங்கே நம்பாமல் வசனத்தால் மூடினார் என்பது தெரிந்துவிடும்.

இன்று இசை கைக்கு எளிதாகிவிட்டது, கேட்பது அரிதாகிவிட்டது. முப்பது வினாடி ரீல்ஸில் பாட்டின் ஒரு துண்டு மட்டும் ஊரைச் சுற்றுகிறது. சரணத்தை யாரும் கேட்பதில்லை. மூன்றாவது நிமிடத்தில் வரும் அழகை யாரும் அறிவதில்லை. சீசனில் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வரும் வேன்களில் காதைப் பிளக்கும் ஸ்பீக்கர்கள் அலறுகின்றன. அருவி எல்லாச் சுருதியையும் ஒரே நேரத்தில் கொட்டும் ஓசை. அதன் பக்கத்தில் எந்தப் பாட்டும் எடுபடாது. அங்கே அருவியைக் கேட்பதே முறை. பாட்டை அறைக்குத் திரும்பி வந்து, சாரல் விழும் வராந்தாவில் கேளுங்கள். இரண்டுக்கும் அதுதான் நாம் செய்யும் மரியாதை.

செய்ய வேண்டியவை

படத் தயாரிப்பாளர்களும் இசை நிறுவனங்களும் தங்களிடம் உள்ள பழைய பின்னணி இசை நாடாக்களை, அவை அழிவதற்கு முன் கணினிக்கு மாற்றித் தனித் தொகுப்புகளாக வெளியிட வேண்டும். அண்மை ஆண்டுகளில் சில புதுப் படங்களுக்கு இது நடக்கத் தொடங்கியிருக்கிறது. பழைய படங்களுக்குத்தான் அவசரம். இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களிடம் இருக்கும் கிட்டப்பாவின் தட்டுகளும் சுப்பையா நாயுடுவின் பாடல்களும் காருகுறிச்சியாரின் பதிவுகளும் ஓரிடத்தில் சேர வேண்டும். அந்த இடம் தென்காசியாக இருக்க வேண்டும். குற்றாலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சாரல் விழாவில் ஒரு மாலைப் பொழுதையாவது, மேடையில் யாரும் ஆடாமல், திரையில் ஒன்றும் ஓடாமல், நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கென்றே ஒதுக்கலாம். டி.கே.சி. வாழ்ந்த ஊரில் இசைக்கு ஒரு வட்டத்தொட்டி கூடுவது மிகப் பொருத்தம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தின் இசையை இந்த வாரம் திரையில்லாமல், இடையில் நிறுத்தாமல், முழுவதும் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதை உருவாக்கிய கலைஞர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய முதல் கடன் அதுதான்.